இளம் விஞ்ஞானிக்கு ஒரு வேன்

இசைப்பிரியா கேட்டது ஒரு வேன். நாலு சக்கரமும் மேலே ஒரு கூரையும் இருந்தால் போதும் என்றுதான் கேட்டாள். நினைவாற்றல் உயராய்வு மையம் அவளுக்கு என்னென்னவோ கொடுத்தது. பொன்னாடை கொடுத்தது. வழிகாட்டி ஒருவரைக் கொடுத்தது. அந்த வழிகாட்டியைக் கண்காணிக்க ஒரு குழுவைக் கொடுத்தது. பெயர் போட்ட பீங்கான் கப் ஒன்றும் கொடுத்தது. வேன் மட்டும் கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. வயிற்றெரிச்சலை ஆராய நெய்வேலியில் இன்னும் மையம் எதுவும் திறக்கவில்லை. திறந்தால் அதற்கும் டாக்டர் தெய்வசிகாமணிதான் இயக்குநராக வருவார்.

முதலில் அவள் எதற்காக வேன் கேட்டாள் என்று சொல்லிவிடுகிறேன். இசைப்பிரியாவுக்கு ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு, மறதிநோய் ஆராய்ச்சிக்கென்று இந்த டவுன்ஷிப்புக்கு வந்தவள். வாழ்நாள் முழுக்க ஷிப்ட் மாற்றி ஷிப்ட் உழைத்தவர்களுக்கு ரிட்டயர்டான பிறகு மறதி எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி முற்றுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இருபது சொச்சம் பேரைச் சேர்த்திருந்தாள். எல்லாருக்கும் போன வருஷம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் மூளையை ஸ்கேன் எடுத்தாயிற்று. ஒரு வருஷம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது சும்மா ஒரு படம். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் பெரிய மனது பண்ணி, காசு வாங்காமல் எடுக்க மார்ச் கடைசி வாரத்தில் ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். மார்ச்சோடு இசைப்பிரியாவின் உதவித்தொகையும் முடிகிறது.

இவர்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? ஒருத்தர் வடலூரிலேயே இறங்கி நடந்துவிடுவார். இன்னொருத்தர் கண்டக்டரிடம், “உன் கேட் பாஸ் எங்கய்யா?” என்று சட்டையைப் பிடிப்பார். அதனால்தான் வேன்.

அந்த இருபது சொச்சம் பேரில் தனகோட்டி ஒருத்தர். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் ஆயுசைக் கழித்தவர். ரிட்டயர்டானால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். அவரும் காலி பண்ணிவிட்டு, மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் மனைவி ஆதிலட்சுமியோடு இருந்தார். பாண்டிச்சேரி டாக்டர் ஆதிலட்சுமியிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இது நிறுத்தக்கூடிய மறதியா, நிற்காத மறதியா என்பது இரண்டாவது படத்தைப் பார்த்தால்தான் தெரியும், நிறுத்தக்கூடியது என்றால் மருந்தை மாற்றலாம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மாள் ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

“பாப்பா, பாண்டிச்சேரி எப்ப போறோம்?” என்று இசைப்பிரியா போகும்போதெல்லாம் கேட்பாள். “நேத்து என்னியப் பாத்து, யாரும்மா நீ, எங்கூட்டுல என்னா பண்ற அப்புடிங்கறாரு. முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணிகினு கெடக்கறேன். நான் யாருன்னு என்னாத்தச் சொல்லுவேன், நீயே சொல்லு.”

“வேன் கேட்ருக்கேன் பெரிம்மா. வந்துரும்” என்பாள் இசைப்பிரியா.

மையத்தில் வேன் இல்லாமல் இல்லை. ஷெட்டில் உறை போட்டு, பளபளவென்று நின்றது. பக்கவாட்டில் ‘மறதிநோய் ஆராய்ச்சி இளம் விஞ்ஞானிகளின் களப்பணிக்காக’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. விருந்தினர்களைத் திருவதிகை கோயிலுக்குக் கூட்டிப்போக வெளியே வரும். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிச் சென்னையில் வேண்டியவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு வரும். மற்ற நாட்களில் களப்பணியில் அழுக்காகிவிடக் கூடாது என்று ஷெட்டில் நிற்கும்.

ஜனவரியில் இசைப்பிரியா இயக்குநர் தெய்வசிகாமணியைப் பார்த்து வேன் கேட்டாள். பெரிய மேஜை. மேஜைமேல் பிளாஸ்டிக் மூளை. அதை அவர் இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்துக்கொண்டே பேசுவார். சில நாள் சேராது.

“இசைப்பிரியா, உன்ன நான் சாதாரணமா நெனைக்கல. நீ இளம் விஞ்ஞானி. உனக்கு ஒரு வேனைக் குடுத்து அனுப்பிட்டா அது ஆதரவா? அது வெறும் வண்டி. எங்க கொள்கை முழுமையான ஆதரவு. வேன் அதுல கடைசிப் படி. மொதல் படியே ஏறாம கடைசிப் படிக்கு ஆசைப்படலாமா?”

“மொதல் படி என்னங்க சார்?”

“வழிகாட்டி.”

வழிகாட்டியாக வந்தவர் மணிமாறன். சுரங்கத்தில் மேல்மண் அகற்றும் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூளையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் மாட்டார். அந்த மட்டில் மையத்திலேயே யோக்கியமான மனுஷர் அவர்தான்.

“பாரும்மா, மூளையும் லிக்னைட்டும் ஒண்ணுதான்” என்றார் முதல் சந்திப்பில். “மேல்மண்ண எடுத்தா அடியில சரக்கு இருக்கும். நீ மேல்மண்ண எடுத்தியா?”

“சார், எனக்கு ஒரு வேன் வேணும்.”

“எங்க காலத்துல நாங்க கேட்டது மண்ண வெட்டற பக்கெட் வீல் மெஷின். ஜெர்மனியிலேர்ந்து வந்துது. கேட்டா வரும்மா. பொறுமை வேணும்.”

வாரத்துக்கு இரண்டு தடவை வழிகாட்டல் நடந்தது. வழிகாட்டல் சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். குழுவின் முன்னால் நின்று, தான் போதிய அளவு வழிகாட்டப்பட்டதாக இசைப்பிரியா மாதாமாதம் சொல்ல வேண்டும். அவள் முதல் மாதம், “வழிகாட்டல் போதுங்க, வண்டிதான் வேணும்” என்று சொன்னாள். போதும் என்று அவளே சொல்லிவிட்டதால் வழிகாட்டல் வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். மேற்கொண்டு கோரிக்கை வைத்ததால் அவளுக்கு மனப் பக்குவம் போதவில்லை என்றும் எழுதிக்கொண்டார்கள். பிப்ரவரியில் மன உறுதிப் பட்டறைக்கு அனுப்பினார்கள்.

பட்டறை மையத்தின் குளுகுளு அறையிலேயே நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். உங்கள் தடையை நினையுங்கள் என்றார். இசைப்பிரியா ஷெட்டை நினைத்தாள்.

“இப்ப அந்தத் தடையை மறந்துடுங்க. மறக்க முடியும். நீங்க மறக்கப் பிறந்தவங்க!” என்றார் பயிற்சியாளர். மறதிக்கு மருந்து தேடுகிற கட்டடத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நன்றியுரை சொன்ன நிர்வாக அதிகாரி பாலகுமார், “இன்று நாம் அனைவரும் நிறைய மறந்தோம்” என்று மனம் நெகிழ்ந்தார். பயிற்சியாளருக்கு ஒரு பலாப்பழம் கொடுத்து, வேனிலேயே சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

அடுத்தது நேர மேலாண்மைப் பயிற்சி. அது நடந்துகொண்டே இருந்தது. அதை முடிக்க அவர்களுக்கு நேரம் போதவில்லை.

மார்ச் பிறந்ததும் இசைப்பிரியா மறுபடி இயக்குநரிடம் போனாள். உதவித்தொகையையாவது ஆறு மாசம் நீட்டிக் கொடுங்கள், ஆஸ்பத்திரியில் வேறு தேதி கேட்டுப்பார்க்கிறேன் என்றாள். தெய்வசிகாமணி பிளாஸ்டிக் மூளையைக் கீழே வைத்தார்.

“நீட்டிச்சா என்ன ஆகும் தெரியுமா? நீ அனுபவசாலி ஆயிடுவ. அனுபவசாலிக்கு இந்தத் திட்டத்துல இடமில்ல. உன்னோட இளமையக் காப்பாத்தத்தான் உன்ன அனுப்பறோம். அடுத்த வருஷம் இன்னொரு இளம் விஞ்ஞானி வருவாங்க. அவங்களுக்கும் இதே ஆதரவு கெடைக்கும்.”

“அப்ப ஆராய்ச்சிங்க சார்?”

“ஆராய்ச்சி வரும், போகும். ஆதரவுதாம்மா நிரந்தரம். என் காலத்துல எனக்கு யாரும் ஆதரவு தரல. அதனாலதான் நான் ஆராய்ச்சியே பண்ண முடியல. நேரா இயக்குநர் ஆக வேண்டியதாப் போச்சு.” கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “உன் நோயாளிங்களுக்கு வேன் வேணும், அவ்ளோதானே? தர்றேன், போ.”

இசைப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மந்தாரக்குப்பத்துக்கு ஓடினாள். “வேன் கெடச்சிருச்சு பெரிம்மா!” என்றாள். ஆதிலட்சுமி அழுதேவிட்டாள். அன்றைக்கே தனகோட்டியின் வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு அலசிக் காயப்போட்டாள்.

பாவிகள், வேனைக் கொடுக்கத்தான் செய்தார்கள். பாண்டிச்சேரிக்கு அல்ல. ஆஸ்பத்திரித் தேதிக்கு முந்தின நாள் மையத்தில் ‘இளம் விஞ்ஞானியர் ஆதரவுப் பெருவிழா’. டில்லியிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார். மண்டபத்தில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று பாலகுமாருக்குத் தோன்றியிருக்கிறது. அவர்களை அள்ளிக்கொண்டு வரத்தான் வேன்.

“விழா முடியட்டும், நாளைக்கு பாண்டிச்சேரிக்கும் அதே வண்டிதான்” என்று பாலகுமார் சத்தியம் பண்ணினார். இசைப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

வழக்கமான டிரைவர் பலாப்பழத்தோடு பஸ்ஸில் சென்னை போய்த் திரும்பாததால், கொளஞ்சிநாதன் என்று ஒருவரை அன்றைக்கு மட்டும் பிடித்தார்கள். குடும்பத்தார் யாரும் கூட வரவில்லை. வந்தால் கேள்வி கேட்பார்கள் என்று பாலகுமார் வேண்டாம் என்றுவிட்டார். மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து ஏற்றிவிடச் சொன்னார். சாயங்காலம் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவோம் என்றார். ஆதிலட்சுமி வெள்ளைச் சட்டையைப் போட்டு, தலை வாரி, கொண்டுவந்து ஏற்றிவிட்டாள்.

பெரியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, சட்டையில் ‘பயனாளி’ என்று பட்டை குத்தினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஏற்ற ஆசை. திரி போதாமல் ஏற்றினதை அணைத்து அணைத்து ஏற்றினார்கள். தனகோட்டிக்கு எது பேச்சு, எது இடைவெளி என்று புரியவில்லை. யாராவது பேசாமல் நின்றால் கை தட்டினார். அவர் செய்ததில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

தெய்வசிகாமணி பேசினார்: “நாம் இந்த ஆண்டு எத்தனை நோயாளிகளைக் குணப்படுத்தினோம் என்று கேட்பார்கள். நண்பர்களே, அது குறுகிய பார்வை. எத்தனை விழா எடுத்தோம் என்று கேளுங்கள்! நம் இளம் விஞ்ஞானி ஒரு நாள்கூட ஆதரவில்லாமல் இருந்ததில்லை. அவர் ஆய்வுக்கூடத்துக்குள் போக எத்தனையோ முறை முயன்றார். ஒவ்வொரு முறையும் நாம் ஓடிப்போய் ஆதரித்தோம்!”

அப்புறம் இசைப்பிரியாவை மேடைக்கு அழைத்து, ‘சிறப்பாக ஆதரிக்கப்பட்ட இளம் விஞ்ஞானி’ என்று ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். ஏற்புரை சொல்லச் சொன்னார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள். டில்லிக்காரரைப் பார்த்தாள். இதைவிட்டால் சந்தர்ப்பம் இல்லை என்று நினைத்துவிட்டாள்.

“ஐயா, நாளைக்கு இவங்கள பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வேன் தர்றதா சொல்லிருக்காங்க. அதை இங்க எல்லார் முன்னாடியும் ஒரு தடவ...”

பாலகுமார் சைகை காட்ட, நாட்டுப்பண் ஒலிக்க ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். அவளும் கேடயத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வேறென்ன செய்வாள்?

விழா முடிந்ததும் வேனில் கூடப் போக அவள் ஓடினாள். குரூப் போட்டோ இருக்கிறது என்று கையைப் பிடித்து நிறுத்தினார்கள். இயக்குநரோடு, விருந்தினரோடு, வழிகாட்டியோடு, வழிகாட்டியைக் கண்காணிக்கும் குழுவோடு. ஒவ்வொன்றுக்கும் தெய்வசிகாமணி அவள் தோள்மேல் பொன்னாடையை மறுபடி மறுபடி போட்டார். வெளியே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. “சார், டிரைவருக்கு வீடு தெரியாது!” என்று கத்தினாள். “சிரிம்மா” என்றார் போட்டோக்காரர்.

கொளஞ்சிநாதன் என்ன செய்வார், பாவம்? விலாசத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மரியாதையாக ஒவ்வொருத்தரையும், “ஐயா, வூடு எங்கங்க?” என்று கேட்டார். ஒவ்வொருத்தரும் டாண் டாண் என்று சொன்னார்கள். பதினாறாம் பிளாக், தண்ணி டேங்க் ஓரம். இருபத்தொண்ணாம் பிளாக், பார்க்குக்கு எதிர் வீடு. திரும்ப வேண்டிய இடத்தைக்கூட விரல் நீட்டிக் காட்டினார்களாம். காலி பண்ணிக் கொடுத்து எத்தனையோ வருஷமான குவார்ட்டர்ஸ் வாசல்களில் ஒவ்வொருத்தராக இறங்கி, டிரைவருக்குக் கும்பிடு போட்டு, சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போனார்கள்.

சாயங்காலம் இசைப்பிரியாவின் போன் ஓயவில்லை. ஆளைக் காணோம், ஆளைக் காணோம் என்று மந்தாரக்குப்பமே அழுதது. அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகச் சுற்றினாள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த சுப்புலட்சுமியம்மாள் ஒரு பீகார் இன்ஜினியர் வீட்டு அடுப்படியில் நின்று, ரவா டப்பாவை யார் இடம் மாற்றியது என்று அந்த வீட்டுப் பெண்ணை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. பயந்துபோய் ரவா டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தர் கட்டிலில் படுத்துக்கொண்டு, நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், டி.வி. சத்தத்தைக் குறை என்று யாரோ பெற்ற பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொருத்தராகக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே கொண்டுவந்தாள். தனகோட்டியை மட்டும் காணோம்.

அவருடைய குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டு நடந்துபோயிருக்கிறார். கருவேலம் புதருக்கு நடுவில், செங்கல் தெரிகிற அஸ்திவாரத்தின் மேல் வெள்ளைச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் முள் கீறி ரத்தம்.

“பெரிப்பா!” என்று இசைப்பிரியா ஓடினாள்.

“செருப்ப வெளிய வுடும்மா, வூடு பெருக்கி வச்சிருக்குது” என்றார் தனகோட்டி. “அவ ரேஷனுக்குப் போயிருக்கா. சாவிய எடுத்துகினு போயிட்டா. வந்துருவா, உக்காரு.”

இசைப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் செங்கல்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலை வேனுக்காக மையத்துக்குப் போனாள். ஷெட் காலி. வழக்கமான டிரைவர் சென்னையிலிருந்து திரும்பி, விடியற்காலையே வண்டியை எடுத்துப் போயிருந்தார். இயக்குநர் அறையில் எல்லாருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சிநாதனை நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவருக்கே எதற்கென்று விளங்கவில்லை.

“வாம்மா, வா!” என்று தெய்வசிகாமணி எழுந்தே வந்தார். “டிரைவர் எல்லாம் சொன்னார். ஒருத்தர்கூடத் தடுமாறலையாமே! பிளாக் நம்பர், வீட்டு நம்பர், திருப்பம், எல்லாம்! மறதி எங்கம்மா? மறதியே காணோமே! நம்ம பெருவிழா பண்ணின வேலை!”

“சார், அது அவங்க இப்ப இருக்கற வீடு இல்ல சார். அந்த வீட்ட விட்டு வந்தத மறந்துட்டாங்க. அதுதான் சார் நோய்.”

“விட்டு வந்தது நிர்வாக விஷயம். அதைக் கொண்டுவந்து மூளைல சேக்காத. விலாசம் சரியா, தப்பா? அதச் சொல்லு.”

“சரிதான் சார், ஆனா...”

“சரின்னு சொல்லிட்டாங்க. பாலகுமார், எழுதிக்குங்க.”

“தனகோட்டி ஐயா புதர்ல உக்காந்திருந்தாரு சார். கையெல்லாம் ரத்தம்.”

“வீடு இடிஞ்சும் இடத்த மறக்கல பாத்தியா?” தெய்வசிகாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. “இளம் விஞ்ஞானியை ஆதரிச்சா நோயாளிக்குக் குணமாகுது. உலகத்துலயே முதல் தடவை. டில்லிக்காரர் இதப் பத்தி மேலிடத்துல பேசறதுக்கு ஏர்போர்ட் போயிட்டார். வேன்ல.”

“பாண்டிச்சேரி ஸ்கேன் இன்னிக்கு சார். கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“குணமானவங்களுக்கு எதுக்கும்மா ஸ்கேன்? ஆரோக்கியமானவங்கள ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறது அறமில்ல.” கேசரித் தட்டை அவள் கையில் திணித்தார். “உன் ஆய்வு வெற்றிகரமா முடிஞ்சுடுச்சு. சாயங்காலம் வழியனுப்பு விழா. சீக்கிரம் வந்துடு.”

இசைப்பிரியா தெருவுக்கு வந்து தெரிந்த வேன்காரர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். கல்யாண முகூர்த்தம், ஒரு வண்டியும் இல்லை. பாண்டிச்சேரிக்குப் பேசினாள். இன்றைக்கு விட்டால் இனி இலவசமாக எடுக்க முடியாது என்று அவர்கள் வருத்தத்தோடு சொன்னார்கள். மணி ஓடிவிட்டது. மத்தியானம் ஸ்கூட்டியை விட்டுவிட்டு மந்தாரக்குப்பத்துக்கு நடந்தே போனாள்.

ஆதிலட்சுமி கட்டுச்சோறு கட்டி, பையை வாசலில் வைத்திருந்தாள். தனகோட்டி கையில் மஞ்சள் பற்றோடு நாற்காலியில் இருந்தார். இசைப்பிரியாவைப் பார்த்ததும் ஆதிலட்சுமி எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்து உள்ளே வைத்தாள்.

தனகோட்டிதான் கேட்டார். “யாரும்மா நீ? புதுசா வேலைக்கு வந்த பொண்ணா? காண்ட்ராக்டா, பர்மனென்ட்டா?”

“பத்து வருசம் காண்ட்ராக்ட்லயே போட்டு வதச்சாங்க இவுர. எல்லாம் மறந்துட்டாரு, அத மறக்கல” என்றாள் ஆதிலட்சுமி.

“காண்ட்ராக்ட்தான் பெரிப்பா” என்றாள் இசைப்பிரியா. “அதுவும் முடிஞ்சிருச்சு. நிறுத்திட்டாங்க.”

தனகோட்டியின் முகம் சுருங்கிப்போனது. தடுமாறி எழுந்து நின்றார். “அதெப்புடி நிறுத்துவான்? பொம்பளப் புள்ளன்னு எளக்காரமா? சட்டைய எடு லட்சுமி. நான் வந்து பேசறேன், வா. நீ அழுவாத, வா.” சட்டையின் ஒரு கையில் தோளை நுழைத்தார். இன்னொரு கை அகப்படவில்லை. தேடிக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் எதற்கு நிற்கிறோம் என்பது போய்விட்டது. மெதுவாக உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

“யாரும்மா நீ? காண்ட்ராக்டா, பர்மனென்ட்டா?”

இசைப்பிரியா அவர் சட்டையின் அகப்படாத கையை எடுத்து மாட்டிவிட்டாள். “பர்மனென்ட் பெரிப்பா.”

“அடி சக்கை!” தனகோட்டி கை தட்டினார். “லட்சுமி! பொண்ணு பர்மனென்ட் ஆயிடுச்சாம்! வாய்க்கு இனிப்பு எதுனா குடு. நின்னுகினே இருக்கியே!”

ஆதிலட்சுமி உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவந்தாள். புருஷன் பார்க்க இசைப்பிரியாவின் வாயில் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அவள் முந்தானையால் இசைப்பிரியாவின் கன்னத்தைத் துடைத்தபடி, அவருக்குக் கேட்காமல் கேட்டாள்.

“பாண்டிச்சேரிக்கு இனி போவல, அப்புடித்தான பாப்பா?”

வாயில் சர்க்கரை இன்னும் கரையவில்லை. இசைப்பிரியா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.